ஆட்டை வெட்டிய கை: ஆச்சிபியின் நாவல்களில் ஒசுவும் நமது வாசிப்பும்

சினுவா ஆச்சிபியின் முதல் நாவலை (1958) வாசித்த தமிழர்களில் பெரும்பாலானோர் அதை ஒரே விதமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வருகிறான், வேதாகமம் வருகிறது, நீதிமன்று வருகிறது, ஒகொங்க்வோ தூக்கில் தொங்குகிறான், ஒரு சமூகம் சிதைகிறது. என்.கே. மகாலிங்கம் அதைச் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழாக்கிய பின்னர் இந்த நினைவு இன்னும் பரவலாயிற்று. பயாப்ராவின் கதையும் இதனோடு ஒட்டிக்கொண்டது. 1967 மே 30இல் தனிநாடு பிரகடனம் செய்து, 1970 ஜனவரி 15இல் சரணடைந்து, இடையில் இலட்சக்கணக்கானோரைப் பட்டினிக்குப் பறிகொடுத்த மக்கள் இக்போக்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் நம்மைப் பற்றியே பேசுவதாக உணர்கிறோம்.

சென்ற குளிர்காலத்தில் நண்பர்கள் சிலர் கூடி இந்நாவலைப் பற்றிக் கதைத்தோம். மூத்த நண்பர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, "அவையளும் எங்களைப் போலத்தான்" என்று முடித்தார். எல்லோரும் தலையாட்டினோம். தேநீருக்கு எழும்பும் நேரத்தில் தோழி ஒருவர் கேட்டார்: "அந்தத் தலைமயிர் வழிக்காத சனத்தைப் பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?" யாரும் பதில் சொல்லவில்லை. நாவலில் அப்படிச் சிலர் வருகிறார்கள் என்பதே இரண்டு பேருக்கு ஞாபகம் இருக்கவில்லை. இந்த மறதி தற்செயலானதல்ல என்று எனக்குப் படுகிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

*

முதலில் இக்போக்களின் மரபுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். தங்களுக்கு அரசன் இல்லை என்பது அவர்கள் பெருமையோடு சொல்லும் வாக்கு. ன்றி, ஒனிச்சா போன்ற விதிவிலக்குகள் இருந்தன. ஆயினும் பெரும்பாலான ஊர்களில் அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருக்கவில்லை. தந்தைவழிக் குடியின் கூட்டம், ஒரே வயதினரின் அணிகள், பட்டம் பெற்றவர்கள், மணமாகி வெளியூர் போன பிறகும் பிறந்த குடியில் உரிமையோடு தலையிடும் பெண்பிள்ளைகளின் சபை என்று அது பல இடங்களில் பரவிக் கிடந்தது. சந்தைவெளியில் கூடி, பேசிப் பேசி, உடன்பாட்டுக்கு வந்த பின்னரே முடிவு எடுக்கப்பட்டது. பேச்சுவன்மை அங்கே பெரிய செல்வம்.

பிரித்தானியருக்கு இது விளங்கவில்லை. தலைவன் இல்லாத இடத்தில் தலைவனை உண்டாக்கினார்கள். அதிகாரப் பத்திரம் கொடுத்து நியமிக்கப்பட்ட இத்தலைவர்கள் ஊரை வாட்டினார்கள். 1929 நவம்பரில் ஒலோக்கோ என்ற ஊரில் பெண்களிடமும் வரி அறவிடப்போகிறார்கள் என்ற அச்சம் பரவ, பெண்கள் திரண்டு தலைவர்களின் வாசல்களில் குந்தினார்கள். குற்றம் செய்த ஆணின் வீட்டைச் சூழ்ந்து பாடியும் ஆடியும் அவனை வெட்கப்படுத்துவது அவர்களின் பழைய தண்டனை முறை. அந்த முறையே இப்போது பேரரசுக்கு எதிராகத் திரும்பியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆட்சியாளர் இதனை 'அபா கலகம்' என்று எழுதிவைத்தார்கள். இக்போக்களுக்கு அது பெண்களின் போர்.

கல்வியையும் இதே கூட்டுமனதோடுதான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1857இல் ஒனிச்சாவில் அங்கிலிக்கன் மிஷன் கால்பதித்தது. பின்னால் கத்தோலிக்கரும் வந்தனர். இரு சபைகளும் போட்டிபோட்டுப் பாடசாலைகள் கட்டின. ஆரம்பத்தில் தயங்கிய ஊர்கள், படித்தவன் கையில்தான் இனி உலகம் என்று கண்டதும், மிஷனை எதிர்பாராமல் தாமே பாடசாலை கேட்டுப் போயின. லாகோசிலும் வடக்கு நகரங்களிலும் எழுதுவினைஞராயும் வியாபாரிகளாயும் இருந்தவர்கள் ஊர்ச்சங்கங்கள் அமைத்து, மாதச் சந்தா சேர்த்து, ஊர்ப் பொடியன்களை மேற்படிப்புக்கு அனுப்பினார்கள். போருக்குப் பின்னர், பயாப்ரா வங்கிகளில் எவ்வளவு வைத்திருந்தவருக்கும் 20 பவுண் மட்டுமே என்று நைஜீரிய அரசு தீர்த்தபோதும், அவர்களை மீண்டும் நிமிர்த்தியவற்றுள் இந்தக் கூட்டுப்பழக்கமும், இளைஞனை வேலைக்கு எடுத்துத் தொழில் பழக்கி ஈற்றில் முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடும் வியாபாரப் பயிற்சி முறையும் முக்கியமானவை.

இதுவரை எல்லாம் நமக்கு இனிப்பாகவே இருக்கிறது. ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், படிப்பு மோகம், பட்டினிப் போர். தலையாட்டுவதற்கு எவ்வளவோ உண்டு. ஆனால் அந்தச் சந்தைவெளிக் கூட்டத்துக்கு யார் வரக்கூடாது என்று நாம் கேட்பதில்லை.

*

ஒசு என்பவர் ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட மனிதர். மற்றவர்கள் டியாலாக்கள், அதாவது மண்ணின் சுதந்திரப் பிள்ளைகள். அடிமை வேறு, ஒசு வேறு. அடிமைக்கு எஜமான் மனிதன். ஒசுவுக்கு எஜமான் கடவுள். ஊரின் குற்றம் தீர நேர்ந்துவிடப்பட்டவர்கள் உண்டு. விற்கப்படாமல் தப்பவோ கொலைக்கோ கடனுக்கோ அஞ்சியோ தாமாகவே கோயிலுக்குள் ஓடித் தஞ்சம் கேட்டவர்களும் உண்டு. கோயிலுக்குள் போனவரை யாரும் தொட முடியாது. அது பாதுகாப்பு. பிறகு அதே சொல் வேறு அர்த்தம் பெற்றது: தொடக்கூடாதவர். தஞ்சம் கேட்டவரின் பிள்ளையும், பிள்ளையின் பிள்ளையும், என்றென்றைக்கும்.

ஆச்சிபி இதை மறைக்கவில்லை. முதல் நாவலிலேயே தெளிவாகச் சொல்கிறார். ஒசு தலைமயிரை வழிக்கக்கூடாது. கோயிலடியில் ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் வாழவேண்டும். டியாலாவை மணக்கக்கூடாது. ஊர்க்கூட்டத்தில் இருக்கக்கூடாது. ஊரின் நான்கு பட்டங்களில் எதையும் பெறக்கூடாது. செத்தால் பேய்க்காட்டில் புதைக்கப்படவேண்டும். ம்பாந்தா என்ற ஊரில் புதிதாக முளைத்த சபைக்குள் இரண்டு ஒசுக்கள் நுழையும்போது, அவர்களை எதிர்ப்பவர்கள் ஊரவர்கள் அல்லர்; ஏற்கனவே மதம் மாறியவர்கள். சபையை நடத்தும் கியாகா என்ற இக்போக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒசுக்களைத் தலைமயிரை வழித்துக்கொண்டு வரச் சொல்கிறார். அவர்கள் வழிக்கிறார்கள், சாகவில்லை. அவ்வூரின் ஒசுக்கள் அநேகமாக எல்லோரும் பின்தொடர்கிறார்கள். பின்னர் ஊரின் புனித மலைப்பாம்பைக் கொன்று ஊரோடு மோதலை உண்டாக்குபவனும் அவர்களில் ஒருவனே.

இந்தப் பக்கங்களை நாம் மதமாற்றத்தின் தந்திரம் என்று வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். சிதைவது ஒரு சமூகம் என்றால், அந்தச் சிதைவில் முதன்முதலாக ஒரு சவரக்கத்தியைத் தன் தலையில் வைத்துப் பார்த்த மனிதனுக்கு அது என்னவாயிருந்தது? இந்தக் கேள்விக்கு ஆச்சிபி இடம் வைத்திருக்கிறார். நாம்தான் நிற்பதில்லை.

*

கியாகாவுக்கு இன்னொரு மாணவன் இருந்தான். ஒகொங்க்வோவின் மகன் நுவோயே. கூட வளர்ந்த இக்கெமெஃபுனாவைக் கொன்ற ஊரையும், இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியும் ஊரையும் பொறுக்காமல் சபைக்கு வந்து, பிறகு பள்ளிக்கூடம் போனவன். 1960இல் வெளிவந்த 'நோ லோங்கர் அற் ஈஸ்' நாவலில் இவன் ஐசாக் ஒகொங்க்வோ என்ற வயோதிப உபதேசியார். இவருடைய மகன் ஒபிதான் கதாநாயகன். உமுவோஃபியா ஊர்ச்சங்கத்தின் லாகோஸ் கிளை சேர்த்த 800 பவுணில் இங்கிலாந்து போய்ப் படித்தவன். அது கொடையல்ல, திருப்பிக் கட்டவேண்டிய கடன். அயலூர்களோடு உள்ள காணி வழக்குகளைப் பேச ஒரு சட்டத்தரணி வேண்டுமென்று ஊர் அனுப்பியது; அவன் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்தான்.

ஒபி விரும்பும் கிளாராவும் இங்கிலாந்தில் பயின்ற தாதி. தான் ஒசு என்று அவளே சொல்லிவிடுகிறாள். இதெல்லாம் மடத்தனம் என்கிறான் ஒபி. ஆனால் சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்குகிறார்கள். இந்நாவலின் பலம் இந்தப் பேச்சுக்களில்தான் இருக்கிறது. யாருமே ஒசுவை வெறுப்பதாகச் சொல்வதில்லை. நண்பன் ஜோசப் சொல்வது: எதிர்காலத்தில் நாம் நாகரிகமடைந்த பிறகு யாரும் யாரையும் கட்டலாம், அந்தக் காலம் இன்னும் வரவில்லை. சங்கத் தலைவர் மிகுந்த கனிவோடு, ஒரு தகப்பனைப் போல, பெண்ணின் குடும்பத்தைப் பற்றி மெல்லத் தொடங்குகிறார். ஒபி ஆத்திரத்தோடு வெளியேறுகிறான். தகப்பனோ வேதாகமத்தையே எடுக்கிறார். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் பெரியவன், மதிப்புக்குரியவன், ஆயினும் குஷ்டரோகி. ஒசுவும் அப்படித்தான். உன் பெண்பிள்ளைகளை யார் கட்டுவான், உன் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பான் என்று கேட்கிறார். அவரது வேதாகமத்தைக் கொண்டே ஒபி அவரை எதிர்க்கிறான். ஆனால் தகப்பன் அசையவில்லை.

கவனிக்க: இங்கே பூசாரி இல்லை, கோயில் இல்லை, பேய்க்காடு இல்லை. பழைய மரபின் தண்டனை எதுவும் மிச்சமில்லை. கிறிஸ்தவ வீடு, படித்த மகன், படித்த மருமகள். ஒசு முறை தன் கடவுளை இழந்த பிறகும் உயிரோடிருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது அன்புள்ள பெற்றோரின் கவலை.

இதைவிட ஆழமான இடம் தாய் ஹன்னாவுடையது. முன்னொரு காலத்தில் அனிந்தா என்ற ஊரில் அவர்கள் மிஷன் வீட்டில் இருந்தபோது, உதோ தெய்வத்துக்கு நேர்ந்த கிடாய் ஒன்று அவருடைய குசினிக்குள் புகுந்து சமைக்க வைத்திருந்த கிழங்கைத் தின்றுவிடுகிறது. ஹன்னா கத்தியை எடுத்து அதன் தலையை வெட்டிவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் வெருட்டுகிறார்கள். பெண்கள் கொஞ்சக்காலம் சந்தையில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யவில்லை. பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட பெண்தான், நோயில் படுத்திருக்கும்போது, தான் உயிரோடு இருக்கையில் இந்தப் பெண்ணைக் கட்டினால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வேன் என்று மகனுக்குச் சொல்கிறார்.

ஆடும் தெய்வத்துக்கு நேர்ந்தது, ஒசுவும் தெய்வத்துக்கு நேர்ந்தவர். நேர்ந்த ஆட்டை வெட்ட அஞ்சாத கை, நேர்ந்தவர்களின் பெண்ணைத் தொட அஞ்சுகிறது. தெய்வத்தின் மீதான பயம் போய்விட்டது, மனிதரின் மீதான அருவருப்புப் போகவில்லை. அப்படியானால் அந்த அருவருப்பு எப்போதாவது தெய்வத்தைச் சார்ந்திருந்ததா? எனது வாசிப்பில் இந்நாவலின் மையக்கேள்வி இதுதான். ஒபி இலஞ்சம் வாங்கிப் பிடிபடுவதையே மையமாகக் கொண்டு, இது 'ஊழலின் கதை' என்று எழுதுபவர்கள் பாதியைத்தான் வாசிக்கிறார்கள்.

இன்னொன்று. ஒபி இலஞ்ச வழக்கில் மாட்டியபோது அதே ஊர்ச்சங்கம் திட்டித் தீர்த்துக்கொண்டே அவனுக்குச் சட்டத்தரணி பிடிக்கிறது. பிழைவிட்டாலும் நம்ம பிள்ளை. இது பெரிய மனம்தான். ஆனால் களவெடுத்த மகனுக்குப் பணம் சேர்க்கும் அந்தச் சபை, எந்தக் குற்றமும் செய்யாத கிளாராவுக்கு ஒரு கதிரை போடாது. கூட்டுணர்வு என்று நாம் கொண்டாடுவதன் எல்லை எங்கே கீறப்பட்டிருக்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட முடியாது.

*

ஆச்சிபியிடம் எனக்கு ஒரு முறைப்பாடும் உண்டு. கிளாராவுக்கு வீடு இல்லை. இங்கிலாந்துக்கு அவளை அனுப்ப யார் பணம் சேர்த்தார்கள் என்று நாவல் கேட்கவில்லை. ஒபியின் வீட்டில் நாம் இரவு முழுக்க இருக்கிறோம். கிளாராவின் வீட்டு வாசலைக்கூடக் காண்பதில்லை. கருச்சிதைவின் பின் ஆசுபத்திரியில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அதோடு நாவலும் அவளை விட்டுவிடுகிறது. ஒசு இங்கே டியாலா இளைஞனின் மனப்போராட்டத்துக்கு ஒரு காரணமாக நிற்கிறதே தவிர, தனக்கென்று ஒரு பார்வை கொண்டதாக நிற்கவில்லை. ஒதுக்கப்பட்டவரைப் பற்றி ஒதுக்கியவரின் பிள்ளை குற்றவுணர்வோடு எழுதும் இலக்கியத்தின் எல்லை இது. நேர்மையான இலக்கியம், ஆனால் எல்லை உள்ள இலக்கியம்.

புச்சி எமெச்சேற்றா லண்டனில் இருந்து எழுதிய 'தி பிரைட் பிரைஸ்' (1976) இந்த எல்லையை ஓரளவு தாண்டுகிறது. நைகருக்கு மேற்கே, இபூசாவில் நடக்கும் கதை. தகப்பனை இழந்த அகுன்னாவைப் பெரிய தகப்பன் படிக்க விடுகிறான், படித்த பெண்ணுக்குப் பரிசப்பணம் கூடும் என்பதற்காக. கல்வி விடுதலை தரும் என்று மேடையில் சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கை வாசித்தால் போதும். அவள் விரும்பும் ஆசிரியர் சிக்கே அடிமை வழிவந்த குடும்பத்தவன். மிஷன் வந்தபோது சுதந்திரக் குடிகள் தம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடிமைகளையே பள்ளிக்கு அனுப்பியதால், இன்று படித்தவர்களும் வசதியானவர்களும் அந்தக் குடும்பத்தவர்கள். அவர்கள் தாராளமாகக் கொடுக்க முன்வந்த பரிசத்தைப் பெரிய தகப்பன் வாங்க மறுக்கிறான். பரிசம் கொடுபடாத பெண் பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அகுன்னா அப்படியே சாகிறாள். அவளுடைய கதை பிறகு ஊர்ப்பெண்களை வெருட்டும் கதையாகிறது. எமெச்சேற்றா மரபுக்குப் பணிந்துவிட்டார் என்று இதைக் குறைசொல்வோர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு பெண்ணின் சாவைக்கூடத் தன் சாட்சியமாக்கிக்கொள்ளும் வலு மரபுக்கு உண்டு என்பதைத்தான் அவர் காட்டுகிறார்.

*

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். ஒடுக்கப்பட்ட ஒரு இனத்தின் உள்வீட்டு அழுக்கை வெளியே இழுப்பது ஒடுக்குபவனுக்கு உதவுவதாகாதா? மிஷனரிகளும் மாவட்ட அதிகாரிகளும் இரட்டைக் குழந்தைகளையும் ஒசுவையும் காட்டித்தானே தங்கள் ஆட்சியை நியாயப்படுத்தினார்கள்?

உண்மை, அப்படிச் செய்தார்கள். ஆனால் ஆபிரிக்காவை இருட்டாகக் காட்டிய ஐரோப்பிய எழுத்துக்குப் பதிலாக எழுதிய அதே நாவலில்தான் ஆச்சிபி ஒசுவையும் வைத்தார். தன் மக்களுக்கு வரலாறும் மாண்பும் உண்டு என்று நிறுவ, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று காட்டவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பயாப்ராவுக்காக உழைத்தவர் அவர். அதற்குப் பிறகும், 1983இல் நைஜீரியாவின் கோளாறு பற்றி எழுதிய சிறுநூலில், இக்போத் தலைமையையும், அரசன் இல்லை என்ற மக்களிடையே திடீரென முளைத்த எண்ணற்ற 'அரசர்களையும்' விமர்சிக்க அவர் தயங்கவில்லை. விமர்சனம் துரோகம் என்றால் அவரும் துரோகியே.

சட்டத்தைப் பார்ப்போம். நம்டி அசிக்கிவேயின் அரசாங்கக் காலத்தில், 1956இல், கிழக்குப் பிராந்திய சட்டசபை ஒசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. நைஜீரியாவின் 1999 அரசியலமைப்பு, பிறப்பின் காரணமாக எவருக்கும் குறைபாடு விதிக்கலாகாது என்கிறது. இவ்வளவுக்கும் பிறகு 2018 டிசம்பரில் ன்றியில் பாரம்பரியத் தலைவர்கள் கூடி, சடங்கு செய்து, ஒசு முறையை மறுபடியும் ஒழித்தார்கள். ஒருமுறை ஒழிந்ததை ஏன் இரண்டாம் முறை ஒழிக்கவேண்டும்? சட்டசபைக்கும் சடங்குக்கும் எட்டாத இடத்தில் அது இருந்ததால்தான். இக்போத் திருமணங்களில் சம்பந்தம் பேசுமுன் ஆட்களை அனுப்பிக் குடும்பத்தை விசாரிப்பது வழக்கம். நோய் உண்டா, களவு உண்டா என்ற கேள்விகளுக்கு நடுவே அந்தக் கேள்வியும் மெதுவாகக் கேட்கப்படுகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் ஊருக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்கிறார்கள்.

*

'விசாரித்தல்' என்ற சொல்லை வாசித்ததும் நம்மில் எத்தனை பேருக்கு முகம் சுருங்கியது? இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தது 1957இல், இக்போச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு. அதற்குப் பதினொரு வருடத்தின் பின், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடிபட்டவர்களைப் பற்றி நம்மிடம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே, பனியிலும் வாடகை வீடுகளிலும் இருபது முப்பது வருடம் கழித்த பிறகும், பிள்ளைக்குச் சம்பந்தம் வந்தால் முதல் தொலைபேசி ஊருக்குத்தான் போகிறது: "ஆக்கள் ஆர்? எந்தப் பகுதி?" கேட்பவர் கெட்டவர் அல்லர். சாதி பார்ப்பதில்லை என்றும் சொல்வார். பிள்ளையின் பிள்ளைகளுக்காகத்தான் யோசிப்பதாகச் சொல்வார். ஐசாக் ஒகொங்க்வோவும் அதைத்தான் சொன்னார்.

ஆகவே மூத்த நண்பரின் வாக்கியம் பிழையல்ல. அவையள் எங்களைப் போலத்தான். ஆனால் அந்த ஒற்றுமையை நாம் பட்டினியிலும் தோல்வியிலும் படிப்பிலும் மட்டும் தேடுகிறோம், நமக்கு மதிப்புத் தரும் இடங்களில் மட்டும். ஒரு சமூகத்தை அதன் கூட்டங்களின் அழகை வைத்து அளப்பது போதாது. கூட்டத்துக்கு யார் அழைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே அளக்கவேண்டும். இக்போக்களுக்கு இதைச் சொல்ல அவர்களுடைய எழுத்தாளர்கள் இருந்தார்கள்.

ஒசுக்களில் ஒரு பகுதியினர் உயிருக்கு அஞ்சி ஓடித் தஞ்சம் கேட்டவர்கள். அந்தத் தஞ்சமே அவர்களின் பிள்ளைகளுக்குத் தீராத பெயராயிற்று. தஞ்சம் கேட்டு வந்து, விண்ணப்ப இலக்கத்தால் அழைக்கப்பட்டு, வரிசையில் நின்று பழகிய நாம், நாவலில் தலைமயிர் வழிக்காமல் சபை வாசலில் நின்ற அந்த இருவரை எப்படி மறந்தோம்? தோழியின் கேள்விக்கு அடுத்த கூட்டத்திலாவது பதில் சொல்லியாக வேண்டும்.